படலையடியில் ஒரு தாய்க் குதிரை

நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் இறங்குதுறையில் கால் வைத்ததும் கேட்பது, "குதிரைகள் எந்தப் பக்கம் நிற்கும்?" என்பதுதான். குறிகாட்டுவானில் ஏறி ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி வந்த களைப்பும் பாராமல், முருகைக்கல் வேலிகளையும் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டு, தெற்குப் பக்க வெளிக்குப் போய்க் குதிரைகளைப் படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் திரும்பி விடுவார்கள். மழை முடிந்த தை, மாசி மாதங்களில் வந்தால் அது மிகவும் அழகான காட்சிதான். பச்சைப் புல்லும், அதில் மேயும் குதிரைகளும், அப்பால் கடலும் தெரியும். ஆவணி மாதத்தில் அதே வெளி எப்படி இருக்கும் என்பது இங்கேயே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இவற்றைக் காட்டுக் குதிரைகள் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் சரியாகப் படவில்லை. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கப்பலில் கொண்டு வந்து இறக்கப்பட்டவற்றின் வழி வந்தவை இவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே குதிரைப் பண்ணை நடத்தினார். அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் கல்தூண்கள் இப்போதும் நிற்கின்றன. ஆட்சி செய்தவர்கள் போய்விட்டார்கள். குதிரைகளை ஏற்றிக்கொண்டு போக ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே இவை காட்டு மிருகங்கள் அல்ல, கட்டாக்காலிகள். மனிதர் வளர்த்து மனிதர் விட்டுப்போனவை.

2017ஆம் ஆண்டு வரட்சி பலருக்கும் நினைவிருக்கும். நாடு முழுவதையும் வாட்டிய வரட்சி அது. 2016 மாரி மழை சரியாகப் பெய்யாததால் அடுத்த வருடம் வைகாசியிலேயே குளங்கள் வெடித்துவிட்டன. எமது தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எப்போதுமே குறைவு. மற்றவை சவர். வரட்சி கூடினால் சவரும் உப்பாகிவிடும். அந்த ஆவணியில்தான் ஒரு தாய்க் குதிரை எனது வளவுக்கு வந்தது.

வந்தது என்று சொன்னாலும், வேலிக் கல் சரிந்திருந்த இடத்தால் உள்ளே நுழைந்து மாட்டுத் தொட்டியடியில் நின்றது என்பதே உண்மை. தொட்டியில் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த பாசியை நக்கிக்கொண்டிருந்தது. வயிறு பெருத்து விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருந்தது. கூட்டம் தண்ணீர் தேடி எங்கோ போய்விட்டது. இதனால் நடக்க ஏலவில்லைப் போலும்.

நான் ஒரு வாளி சவர்த் தண்ணீர் ஊற்றினேன். மூச்சு விடாமல் குடித்தது. அடுத்த வாளியையும் குடித்தது. அடுத்த வளவு அப்பு வந்து வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "பிள்ளை, உது இண்டைக்கோ நாளைக்கோ ஈனும். முலைக்காம்பில மெழுகு மாதிரிக் கட்டியிருக்கு பார்" என்றார். அவர் இளந்தாரியாக இருந்தபோது ஒரு மட்டக்குதிரையைப் பழக்கி ஏறித் திரிந்தவர். எனக்கு ஆடு, மாடு, கோழி தெரியும். குதிரை தெரியாது.

அன்றிரவே ஈன்றது. குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனுமாம். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் தள்ளிப்போடுமாம். ஆகவே அப்பு என்னைக் கிட்டப் போக விடவில்லை. ரோச் லைற்றைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் இருந்தோம். மகள் நித்திரை கொள்ளவே இல்லை. குட்டி வெளியே விழுந்ததும் அப்பு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஒரு மணித்தியாலத்தில எழும்ப வேணும். ரெண்டு மணித்தியாலத்தில பால் குடிக்க வேணும். மூண்டு மணித்தியாலத்துக்குள்ள இளங்கொடி விழ வேணும். இதில ஒண்டு பிந்தினாலும் எனக்குச் சொல்லு."

குட்டி எழும்பிய விதத்தை என்னால் மறக்க முடியாது. பிறக்கும்போதே அதன் கால் கிட்டத்தட்டத் தாயின் கால் அளவு நீளமாக இருக்கிறது. அவ்வளவு நீளக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. முன்னங்காலை ஊன்றினால் பின்னங்கால் மடங்கும். ஐந்து ஆறு தரம் விழுந்து, பிறகு நான்கு காலையும் நாற்காலி போல விரித்துக்கொண்டு நின்றது. மகள் கை தட்டப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நல்லவேளையாக இளங்கொடியும் நேரத்துக்கு விழுந்தது. எங்கள் ஊரில் மாட்டின் இளங்கொடியை ஓலைப்பெட்டியில் போட்டு ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் பெருகும் என்று. அப்பு அப்படிச் செய்யவில்லை. நிலத்தில் விரித்துப் போட்டு, கிழிந்து ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் புதைத்தார். சிறு துண்டு தங்கினாலும் குதிரைக்குக் காய்ச்சல் வந்து, குளம்புவரை பழுதாகி, உயிருக்கே ஆபத்தாகும் என்றார். பின்னர் யாழ்ப்பாணத்தில் உள்ள மிருக வைத்தியர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். இன்னொன்றையும் சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்கு நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடும். குதிரைக் குட்டிக்கு அப்படி வருவதில்லை. முதல் நாள் குடிக்கும் கடும்புப் பாலில் கிடைப்பதுதான். ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதை உறிஞ்சாது. ஆகவே முதல் இரவு குட்டி பால் குடித்ததா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தொப்புளுக்கு அயடீன் பூசினேன். அதற்காக மட்டும் ஒருமுறை தொட்டேன்.

அடுத்த நாளே கிராம அலுவலரிடம் போய், இப்படி ஒரு குதிரை எனது வளவில் ஈன்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்ற தடை இருக்கிறது. 2015இல் அவை மேயும் பகுதி தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பிறகு ஒருவர் வந்து "யார் கட்டி வைத்தது?" என்று கேட்டால் ஒரு தனிப் பெண்ணுக்கு வரும் பிரச்சினை வேறு. சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

அதன் பின் எனது நாட்கள் இப்படிப் போயின. விடிய நான்கு மணிக்கு எழும்பிச் சவர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளுவேன். மற்றவர்கள் குளிக்கத் தோய்க்க வருவதற்கு முன்னர் அள்ளிவிட வேண்டும். பத்து லீற்றர் வாளியால் ஒரு வாளி உடனே கொடுப்பேன். பிறகு மகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, கிணற்றடி வாய்க்கால்களில் மிஞ்சியிருந்த அறுகம்புல்லைக் கத்தியால் அறுத்து ஒரு கடகம் கொண்டு வருவேன். தேங்காய்ப் பிண்ணாக்கை இரவே ஊறவைத்துக் காலையில் தவிட்டோடு குழைத்து இரண்டு கைப்பிடி. மத்தியானம் இன்னொரு வாளி. தென்னோலைப் பந்தலின் நிழல் நகர நகர அவையும் நகர்ந்து நிற்கும். பின்னேரம் சாணம் அள்ளிக் குழியில் போடுவேன். அந்த எரு அடுத்த மாரியில் எனது கத்தரிக்கும் மிளகாய்க்கும் போனது. குதிரைச் சாணம் மாட்டுச் சாணத்தைவிடச் சூடு கூடியது. நன்றாக உக்கிய பிறகே போட வேண்டும்.

முதல் கிழமையில் நான் செய்த பிழை ஒன்றை எழுதத்தான் வேண்டும். மெலிந்த தாய் என்று இரக்கப்பட்டு, மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் ஒரு சட்டியில் வைத்துவிட்டேன். மாட்டுக்கு வைப்பதுதானே என்று நினைத்தேன். அப்பு கண்டதும் சட்டியைக் காலால் தட்டிவிட்டார். "குதிரைக்குச் சத்தி எடுக்க ஏலாது பிள்ளை. தின்னக்கூடாததைத் திண்டால் வயித்துக் குத்து வந்து விழுந்து புரண்டு சாகும்." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. மாடு அசை போடும், நாலு அறை இரைப்பை உள்ளது. குதிரைக்கு உடம்புக்குச் சின்ன இரைப்பை ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, நாருள்ள தீனிதான் வேண்டும். பூஞ்சணம் பிடித்தது ஒன்றும் கொடுக்கக் கூடாது.

வளவைத் துப்புரவு செய்ததும் ஒரு வேலை. நான் 2011இல் அம்மாவின் இந்த வளவுக்குத் திரும்பி வந்தபோது பற்றைக்குள் கிடந்த முட்கம்பியை முழுவதும் எடுக்கவில்லை. ஆட்டுக்குப் பழகிவிட்டது என்று விட்டிருந்தேன். குட்டி நான்காம் நாளே துள்ளத் தொடங்கிவிட்டது. நேரே பற்றைக்குள் ஓடும். மிருகங்களில் ஏற்புவலி மிக எளிதில் பிடிப்பது குதிரைக்குத்தான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். துருக்கம்பி ஒரு கீறல் போட்டால் போதும். இரண்டு நாள் முழுக்க நானும் மகளும் கம்பி பொறுக்கினோம். இரண்டு உரப்பை நிறைந்தது.

குட்டி தாயின் புதுச் சாணத்தைத் தின்பதைக் கண்டு மகள் அருவருத்து ஓடி வந்தாள். நானும் பசியில்தான் தின்கிறதோ என்று பயந்தேன். அப்படி இல்லையாம். புல்லைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் அதன் வயிற்றுக்கு அப்படித்தான் போகின்றனவாம். ஒன்பதாம் நாள் வயிற்றோட்டம் பிடித்தது. தாய் ஈன்று ஒரு கிழமை, பத்து நாளில் மறுபடி பருவத்துக்கு வரும்போது குட்டிக்கு இப்படி வருவது வழமை என்று அப்பு பேசாமல் இருந்தார். ஆனால் வைத்தியர் ஒரு அடையாளம் சொல்லித் தந்தார். குட்டி துள்ளி விளையாடிப் பாலும் குடித்தால் பயமில்லை. குடிக்காமல் படுத்துக் கிடந்து, தாயின் மடி கட்டியாகிப் பால் தானே ஒழுகினால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். நான் பின்புறத்தைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன், தோல் வெந்து போகாமல். நாலு நாளில் நின்றது.

உண்மையான கஷ்டம் மூன்றாம் கிழமையில் வந்தது. சவர்க் கிணறு கீழே இறங்கி, கயிற்றுக்கு இன்னொரு முழம் முடிச்சுப் போட வேண்டியதாயிற்று. மட்டக்குதிரை ஒன்று சாதாரண நாளில் பத்து லீற்றர் அளவில் குடித்தால் போதும். பால் கொடுக்கும்போது, அதுவும் அந்த வெயிலில், அதற்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். நான் மூன்று வாளியை ஒன்றரையாகக் குறைத்தேன். இரண்டே நாளில் தெரிந்தது. குட்டி மடியில் வாய் வைத்து, விட்டு, மறுபடி வைத்து, தலையால் இடித்தது. தாய் காலைத் தூக்கி விலகி நடந்தது. குட்டி பின்னால் போய் மறுபடி இடித்தது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எனது மகள் 2008 மார்கழியில் தருமபுரத்தில் பிறந்தவள். இரண்டாவது மாதத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதை இந்த இதழை வாசிக்கும் பலருக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. தண்ணீருக்கு வரிசையில் நின்று, அதுவும் கிடைக்காமல், எனது பால் நின்றுபோனது. அவள் அப்படித்தான் இடித்தாள். பிறகு கஞ்சித் தண்ணீரில் தப்பினாள். பதுங்கு குழிக்குள் இருந்த ஒரு அம்மா, தன் பங்குக் கஞ்சியின் தெளிவை எடுத்து எனக்குக் குடிக்கத் தந்தார். "நீ குடிச்சாத்தான் பிள்ளைக்கு" என்றார். அவரது பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் தூரத்தில் உள்ள இன்னொரு சவர்க் கிணற்றுக்குச் சயிக்கிளில் போனேன். இருபது லீற்றர் கான் இரண்டு. மணல் பாதையில் ஏறி ஓட முடியாது, உருட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கேதான் பேச்சு வாங்கினேன். "மனிசருக்கே தண்ணி இல்லை. பவுசருக்குக் காத்துக் கிடக்கிறம். இவ குதிரைக்கு அள்ளுறா" என்றார் அக்கா ஒருவர், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டில் நடக்க முடியாத தாயும் இரண்டு பிள்ளைகளும். அவர் சொன்னதில் பிழை இல்லை. "அக்கா, நான் பவுசர்த் தண்ணி ஒரு சொட்டும் குடுக்கேல்லை. குளிக்கிற தண்ணிதான். நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் குளிக்கிறம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நாலைந்து நாளின் பின் ஒரு காலை அவர் படலையடியில் நின்றார். கையில் மூடிபோட்ட வாளி. "அரிசி கழுவின தண்ணி. ஊத்துறதுதானே. குடிக்குமோ?" என்று கேட்டார். குடித்தது. அதன் பின் மாதர் சங்கத்தில் இன்னும் மூன்று வீட்டுக்காரர் வைத்துத் தந்தார்கள். எல்லாமாக ஒரு நாளைக்கு ஒரு வாளி தேறும். ஒரு வாளி எனக்குச் சயிக்கிளில் கால்வாசிப் பயணம் மிச்சம்.

மகள் குட்டிக்குக் "குட்டியன்" என்று பெயர் வைத்தாள். கபில நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அது அவளது பின்னலைப் பிடித்து இழுக்கும், புத்தகப்பையை முகரும், ஓடிப்போய்த் திரும்பி வரும். ஒரு நாள் முன்னங்காலைத் தூக்கி அவள் தோளில் போடப் பார்த்தது. அவள் சிரித்தாள். அப்பு சிரிக்கவில்லை. "இண்டைக்கு விளையாட்டு. வருசம் ஒண்டு போனால் உந்தக் கால் மண்டையை உடைக்கும். ஆண் குட்டி. மனிசரைத் தன்ரை கூட்டம் எண்டு நினைக்க விடாதை" என்றார். அன்றிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மட்டும் பார்க்கலாம் என்று அவளுக்குச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஐப்பசியில் ஒருவர் வந்தார். தீவைப் பார்க்க வருகிறவர்களுக்குக் குதிரைச் சவாரி காட்டலாம், படம் எடுக்க விடலாம், குட்டியைச் சின்னனிலேயே கட்டிப் பழக்கித் தந்தால் காசு தருகிறேன் என்றார். சொன்ன தொகை எனக்குச் சிறிய தொகை அல்ல. மகளுக்கு அந்த வருடம் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது, கூரையில் ஒரு பக்கம் தகரம் இல்லை. இரண்டு இரவு யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அப்புவிடமும் கேட்டேன். குட்டிக்குக் குறைந்தது ஐந்து ஆறு மாதம் தாய்ப்பால் வேண்டும், அதுவரை தாயையும் கட்ட வேண்டும், தாயைக் கட்டினால் மாரியிலும் நான்தான் தீனி போட வேண்டும் என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவரிடம் "ஏலாது" என்றேன். அவர் வேறு எங்கோ கேட்டிருப்பார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. முதல் மழையில் தாய்க் குதிரை நனைந்துகொண்டே நின்றது. பந்தலுக்குள் வரவில்லை. மூன்றாம் நாள் தெற்குப் பக்கமிருந்து கனைப்புக் கேட்டது. அது தலையை உயர்த்தி மறுமொழி கொடுத்தது. நான் படலையைத் திறந்துவிட்டேன். உடனே போகவில்லை. அன்று பின்னேரம், நான் அடுப்படியில் நின்றபோது, போய்விட்டது. குட்டி பின்னால் ஓடியது. மகள் பாடசாலையால் வந்து வெறும் வளவைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தாள். இரண்டு நாள் இருட்டும்போது அவை திரும்பி வந்து தொட்டியில் குடித்தன. மூன்றாம் நாள் வரவில்லை.

குட்டியனை அடுத்த வருடம் ஒருமுறை கண்டேன். ஆண் குதிரை வளர்ந்தால் கூட்டத்தின் தலைக்கடுவன் துரத்திவிடும். பிறகு அவை தம் வயதுக் குதிரைகளோடு சேர்ந்து திரியும். அப்படி நாலைந்தோடு நின்றது. நெற்றிப் பொட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். மகள் கூப்பிட்டாள். அது காதைத் திருப்பியது, வரவில்லை.

தொட்டியை நான் இப்போதும் வற்றவிடுவதில்லை. வைகாசி பிறந்தால் சவர்த் தண்ணீர் நிரப்பத் தொடங்குவேன். கிழமைக்கு ஒருமுறை தென்னந்தும்பால் பாசியைத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும். தொட்டியின் ஒரு மூலையில் இரண்டு முருகைக்கல்லைப் படி போல வைத்திருக்கிறேன். குட்டி தவறி உள்ளே விழுந்தால் ஏறி வருவதற்கு. வேலியில் சரிந்த கல்லை அப்பு அடுக்கித் தருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். நான் அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். ஆடு வெளியே போகாமல் ஒரு பனை மட்டையை மட்டும் குறுக்கே வைத்திருக்கிறேன். குதிரை அதைத் தாண்டி வரும்.